ராமை முதலில் மாற்றுங்கள், ஓவர்க்ளாக்கைப் பிறகு பார்க்கலாம்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் ரைசன் 5 3600 பிராசஸர் போட்ட டெஸ்க்டாப் இருக்கிறது. மதர்போர்டு பி450, ராம் (வேலை நேரத்தில் தகவல் தங்கும் மெமரி) செருக நாலு ஸ்லாட், அதில் 8 ஜிபி டிடிஆர்4 2400 ஸ்டிக் ஒன்றே ஒன்று. கூலர், பிராசஸர் பெட்டியில் வந்த ரெய்த் ஸ்டெல்த். தைப்பூசக் காவடி வீடியோக்களை டாவின்சி ரிசால்வில் எடிட் செய்யும்போது மெஷின் திணறுகிறது. அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிச் செருகலாமா? ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அண்ணன் தன் 3600-ஐ 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.275 வோல்ட்டில் ஓட்டுகிறாரே, அந்த எண்களை அப்படியே போட்டு ஓவர்க்ளாக் செய்யலாமா, அதாவது பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டலாமா?

ராம் கட்டாயம் கூட்டுங்கள். ஆனால் பழைய ஸ்டிக்கோடு புதியதை ஜோடி சேர்க்காதீர்கள். அண்ணனின் எண்களைத் தொடவே வேண்டாம். அவை அவருடைய சிப்புக்கும் கூலருக்கும் அறைக்கும் பொருந்திய எண்கள்.

கை வைக்கும் முன், திணறல் எங்கே என்று பாருங்கள். வழக்கமாக எடிட் செய்யும் ஒரு ப்ராஜெக்டைத் திறந்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜருக்குப் போங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் 'கமிட்டட்' என்று இரண்டு எண் தெரியும். முதல் எண் 8-ஐத் தாண்டி 13, 14 என்று நின்றால், ராமில் இடம் போதாமல் விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்க்கில், அதாவது எஸ்எஸ்டி-யில், தள்ளி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க 100 நானோ வினாடி போல ஆகும். எஸ்எஸ்டி-யிலிருந்து எடுக்கப் பல்லாயிரம் நானோ வினாடி. பிராசஸர் அந்த நேரம் முழுவதும் சும்மா காத்துக்கொண்டிருக்கும். காத்திருக்கும் பிராசஸரை 5 சதவீதம் வேகமாக்கினால் 5 சதவீதம் வேகமாகக் காத்திருக்கும், அவ்வளவுதான். ரிசால்வுக்கே குறைந்தது 16 ஜிபி, அதிலுள்ள ஃப்யூஷன் எஃபெக்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்தினால் 32 ஜிபி வேண்டும் என்றுதான் அதைத் தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். 8 ஜிபி-யில் நீங்கள் இவ்வளவு நாள் வேலை பார்த்ததே பெரிய பொறுமை.

இனி ஸ்டிக் விஷயம். ஒரு டிடிஆர்4 2400 ஸ்டிக் வினாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி கொடுக்கும். 3200 ஸ்டிக் 25.6 ஜிபி கொடுக்கும். அதையே இரண்டு ஸ்டிக்காகச் சரியான ஸ்லாட்டில் போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தகவல் தருவதால், 51.2 ஜிபி. இன்றைக்கு இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். உங்கள் பழைய ஸ்டிக்கோடு புது 3200 ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் செருகினாலும் டூயல் சேனல் கிடைக்கும்தான், ஆனால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு, அதாவது 2400-க்கு, இறங்கி ஓடும்.

ரைசனில் இது ராமோடு நிற்பதில்லை. 3600-க்குள் கோர்கள் இருக்கும் சில்லு வேறு, மெமரியோடு பேசும் சில்லு வேறு. இரண்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை ராமின் கடிகாரத்தோடு ஒட்டி ஓடும். 2400 ராம் போட்டால் அது 1200 மெகாஹெர்ட்ஸ், 3200 போட்டால் 1600. ஆக, ராமை மாற்றும்போதே பிராசஸரின் உள்பாதையையும் வேகமாக்கிவிடுகிறீர்கள். இந்த ஒட்டுறவு இந்தத் தலைமுறையில் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 3600 ராம் வரை, பெரும்பாலும் நிற்கும். அதற்கு மேல் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் கடையில் 4000 என்று எழுதிய ராமை இந்த பிராசஸருக்கு வாங்குவது காசைக் கரைப்பது.

வாங்க வேண்டியது: ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் 2 x 16 ஜிபி, டிடிஆர்4 3200, சிஎல் 16. கை இடம் கொடுக்காவிட்டால் 2 x 8. சிஎல் என்பது கேட்ட தகவலைத் தர ராம் எடுக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை, அதைத் தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள். உண்மையான தாமதம் தெரிய சிஎல்-ஐ 2000-ஆல் பெருக்கி ராமின் வேகத்தால் வகுங்கள். 3200 சிஎல் 16 என்றால் 10 நானோ வினாடி. 3600 சிஎல் 18-ம் அதே 10. உங்கள் 2400 சிஎல் 17 ஆக இருந்தால் 14-ஐத் தாண்டும். தனித்தனியாக வாங்கிய இரண்டு ஸ்டிக் ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே வேறு வேறு நிறுவனத்தின் சிப் இருக்கலாம். ஜோடியாக விற்பதைத் தொழிற்சாலையிலேயே சேர்த்துச் சோதித்திருப்பார்கள். டிடிஆர்3, டிடிஆர்5 ஸ்டிக்குகள் இந்த போர்டில் உட்காரவே உட்காரா, வெட்டு இருக்கும் இடமே வேறு.

பழையதை விற்கும் ஆட்களிடம் தனியாக வாங்கினால், அங்கேயே ஒரு மெஷினில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கினால் நம் நாட்டு 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா என்பது உங்கள் விருப்பம். தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகப் பொருளை மாற்றியிருந்தால் அந்த உரிமை தளர்ந்துபோகும் என்பதையும் மனதில் வையுங்கள். ஓவர்க்ளாக்கிங் என்று வரும்போது இது முக்கியம்.

மாட்டும் நாளில் முதல் வேலை பேக்கப். காவடி வீடியோக்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். கெட்ட ராம் மெஷினை நிறுத்தினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நிறுத்தாமல் ஒரு பிட்டை மட்டும் மாற்றி எழுதி, அது டிஸ்க்கில் போய் உட்கார்ந்தால் பல மாதம் கழித்துத்தான் தெரியும், அப்போது பேக்கப்பிலும் அந்தக் கெட்ட நகல்தான் இருக்கும். விண்டோஸ் 11 என்றால் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் (மெஷின் எழும்போது போர்டிலிருந்து ஓடும் அடிப்படை மென்பொருள்) கை வைத்த பிறகு அது சாவி கேட்டு நின்றுவிடுவது உண்டு.

மெஷினை ஷட் டவுன் செய்து, சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். பிறகு கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். உங்கள் உடம்பும் கேபினட்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான் இங்கே பாதுகாப்பு. டர்பன் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. ஜூலை மாத ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ராமைத் தொடுவது வேறு கதை. இந்தப் பக்கத்துத் தொல்லை கடல் காற்றின் உப்பு. பழைய ஸ்டிக்கின் பொன்னிறப் பல்வரிசை மங்கியிருந்தால், 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள்.

பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும், மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு ஸ்லாட்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் டூயல் சேனலே கிடைக்காது. இந்தத் தவற்றைச் செய்துவிட்டு வருஷக்கணக்கில் பாதி வேகத்தில் ஓட்டும் மெஷின்கள் ஏராளம். தாழ்ப்பாளைத் திறந்து, வெட்டைப் பொருத்தி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். சில போர்டுகளில் ஒரு முனையில்தான் தாழ்ப்பாள் இருக்கும். அங்கே தாழ்ப்பாள் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதை யாரும் கவனிப்பதில்லை, 'புது ராம் வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடுகிறார்கள்.

முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். போர்டு புது ராமைப் பழக்கிக்கொண்டிருக்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம், இரண்டு மூன்று முறை தானாகவே அணைந்து எழலாம். ஐந்து நிமிடம் ஆகியும் எழவில்லையென்றால் அணைத்துவிட்டு ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை.

விண்டோஸுக்குள் போய் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் வேகம் 2133 அல்லது 2400 என்று காட்டும். 3200 ராம் வாங்கினோமே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெட்டியில் எழுதிய வேகம் தானாக வராது, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற தயார் அமைப்பை ஆன் செய்தால்தான் வரும். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. ஆன் செய்தவுடன் ராமின் வோல்டேஜ் 1.2-லிருந்து 1.35-க்கு ஏறும், அது சரியான அளவுதான். 3200 என்பது உங்கள் 3600 பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ மெமரி வேகம், ஆகவே இங்கே நீங்கள் எல்லை மீறவில்லை.

இதற்குப் பிறகுதான் பலரும் தவிர்த்துவிடும் வேலை: சோதனை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். நாலு சுற்று முடிய வேண்டும், பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு பிழை வந்தாலும் தேர்வில் தோல்வி. 'ஒன்றுதானே' என்று விடுவதற்கு இது பரீட்சை மார்க் அல்ல. அந்த ஒரு பிழை உங்கள் ப்ராஜெக்ட் ஃபைலின் நடுவில் விழலாம்.

பிழை வந்தால் வரிசையாகப் போங்கள். எக்ஸ்எம்பி-யை அணைத்து மறுபடி சோதியுங்கள். அணைத்தும் பிழை வந்தால் ஸ்டிக்கோ ஸ்லாட்டோ கெட்டது, ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடித்து மாற்றிக் கேளுங்கள். எக்ஸ்எம்பி-யில் மட்டும் பிழை என்றால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். இந்தத் தலைமுறையின் ஆரம்பகால பயாஸ்களில் மெமரி பொருத்தம் சுமார்தான். அதுவும் உதவாவிட்டால் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரியோடு பேசும் சில்லுக்குப் போவது) 1.05 முதல் 1.1-க்குள், ராம் வோல்டேஜ் 1.37 வரை ஏற்றலாம். அப்படியும் நிற்கவில்லையென்றால் 2933-க்கு இறங்கி அங்கேயே நில்லுங்கள். எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது.

பயாஸ் புதுப்பிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. 2024-க்குப் பிறகு லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) பெரும்பாலும் அடங்கியிருந்தாலும், கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் அட்டவணை போட்டு வருவதில்லை. யுபிஎஸ்ஸிலோ வீட்டு இன்வெர்ட்டரிலோ மாட்டிவிட்டு அந்த வேலையைத் தொடங்குங்கள். அப்படியே பயாஸில் கரண்ட் திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை 'ஆஃப்' ஆக்குங்கள். தெருவுக்கே கரண்ட் வரும் அந்த முதல் சில வினாடிகளில் வோல்டேஜ் துள்ளும், உங்கள் மெஷின் அப்போது எழக்கூடாது.

இவ்வளவு செய்து இரண்டு வாரம் வேலை பாருங்கள். பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடலாம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பிராசஸர் பக்கம் வருவோம்.

ஓவர்க்ளாக்கிங்கின் கணக்கு கசப்பானது. பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு இருமடியில் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் இருந்து 4.2, 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் 5 சதவீதம் கூடும், மின்சாரமும் சூடும் 33 சதவீதம் கூடும். அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் கூலர். ரெய்த் ஸ்டெல்த் செம்பு இல்லாத சின்ன அலுமினியக் கட்டி, வழக்கமான வேகத்துக்கே அது மூச்சுமுட்ட உழைக்கிறது. டர்பனில் பிப்ரவரி மாத மத்தியானம் அறை 29, 30 டிகிரி இருக்கும்போது அதை நம்பி ஓவர்க்ளாக் செய்தால், பிராசஸர் 95 டிகிரி எல்லையைத் தொட்டுத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டியதெல்லாம் போய்ப் பழைய வேகத்துக்குக் கீழேயும் இறங்கலாம்.

லெனேசியாவை இதோடு ஒப்பிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி இங்கிருப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு, அதாவது அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச் செல்லும் சூடு குறைவு. ஆனால் அண்ணன் குளிர்கால இரவில் 14 டிகிரி அறையில் சோதித்திருந்தால் அந்தக் குறை தெரியவே தெரியாது, டிசம்பரில்தான் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு சிப் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று 1.25 வோல்ட்டில் 4.2 ஓடும், இன்னொன்று 1.35 கொடுத்தாலும் 4.1-ல் விழும்.

ஆகவே முதல் செலவு, 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர். பழைய கூலரைக் கழற்றும்போது ஒரு ஆபத்து இருக்கிறது, அழுத்திச் சொல்கிறேன். உங்கள் போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில் பிராசஸரின் ஊசிகள் சிப்பில்தான் இருக்கும். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது பிராசஸரும் தாழ்ப்பாளிலிருந்து பிய்ந்து கூடவே வரும், ஊசிகள் வளையும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி, இளகியது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் துடைத்து, புதியதை ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும்.

பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ (சூடு, வேகம், வோல்டேஜ் காட்டுவது), சினிபெஞ்ச் (வேகத்துக்கு மதிப்பெண் தருவது), ஓசிசிடி (நிலையாக ஓடுகிறதா என்று சோதிப்பது) மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த மாற்றமும் செய்யாமல் சினிபெஞ்சை மூன்று முறை ஓட்டி மதிப்பெண்ணை எழுதுங்கள். இது இல்லாமல் வெறும் கிகாஹெர்ட்ஸைப் பார்த்து மகிழ்வது தப்பு. இந்தத் தலைமுறை ரைசனுக்கு வோல்டேஜ் பற்றாவிட்டால், திரையில் 4.2 என்று காட்டிக்கொண்டே உள்ளுக்குள் கடிகாரத்தை நீட்டிவிடும். எண் ஏறியிருக்கும், மதிப்பெண் இறங்கியிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் க்ளாக்' என்ற வரியைப் பாருங்கள், அதுதான் உண்மை வேகம்.

அதே திரையில் லேசான வேலையின்போது 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 'கம்பெனியே 1.45 கொடுக்கிறது, நானும் கொடுக்கலாம்' என்று முடிவு கட்டித்தான் நிறையப் பேர் சிப்பைக் கெடுக்கிறார்கள். அந்த வோல்டேஜ் ஒன்றிரண்டு கோருக்கு, கொஞ்சம் ஆம்பியரோடு, கண நேரம் வருவது. ஆறு கோரும் முழுச் சுமையில் ஓடும்போது அதே 1.45-ஐக் கட்டிவைப்பது வேறு. எல்லாக் கோருக்கும் நிலையாக வைக்கும் வோல்டேஜ் 1.3-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

பாதுகாப்பான வழி பிபிஓ, பயாஸில் இருக்கும் ஏஎம்டி-யின் தானியங்கி வேகக்கூட்டல் அமைப்பு. 65 வாட் வகுப்பில் வரும் 3600-க்கு உண்மையில் சாக்கெட்டில் 88 வாட், 60 ஆம்பியர், உச்சத்தில் 90 ஆம்பியர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பிபிஓ அந்த எல்லையைத் தளர்த்தும், மற்றதைச் சிப்பே பார்த்துக்கொள்ளும். லாபம் சொற்பம், ஆனால் லேசான வேலையில் ஒற்றைக் கோர் 4.2-ஐத் தொடுவது அப்படியே இருக்கும். கையால் வேகத்தைக் கட்டினால் அது போய்விடும். எல்லாக் கோரையும் 4.1-ல் கட்டினால், ஒற்றைக் கோரில் ஓடும் வேலைகள் முன்பைவிட மெதுவாகிவிடும்.

கையால்தான் செய்வேன் என்றால்: மல்டிப்ளையர் 40 (100 மெகாஹெர்ட்ஸின் 40 மடங்கு, அதாவது 4.0 கிகாஹெர்ட்ஸ்), வோல்டேஜ் 1.25, லோட் லைன் அமைப்பு (சுமையில் வோல்டேஜ் இறங்காமல் தாங்குவது) நடுத்தரம். சினிபெஞ்ச் பத்து நிமிடம். சூடு 80-க்குள் நின்றால் மல்டிப்ளையரை 0.25 கூட்டுங்கள், அது 25 மெகாஹெர்ட்ஸ். மெஷின் விழும் இடத்தில் வோல்டேஜை 0.0125 கூட்டுங்கள், 1.3-ல் நில்லுங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஒரு சினிபெஞ்ச் ஓடி முடிந்ததால் நிலையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஓசிசிடி ஒரு மணி நேரம், ப்ரைம்95 மென்பொருளின் பிளெண்ட் சோதனை இரண்டு மணி நேரம், அதுவும் வெயில் மத்தியானத்தில், ஜன்னலைத் திறக்காமல். பிறகு விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' என்ற பெயரில் பதிவு இருக்கிறதா பாருங்கள். 19 என்ற எண்ணில் வந்தால் பிழை நேர்ந்து சிப்பே திருத்திக்கொண்டது என்று பொருள். மெஷின் விழாவிட்டாலும் அது எச்சரிக்கைதான், ஒரு படி இறங்குங்கள்.

பூட்டே ஆகவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, போர்டில் 'க்ளியர் சிமாஸ்' ஊசிகளைப் பத்து வினாடி ஸ்க்ரூ டிரைவர் முனையால் இணையுங்கள். ஊசி கிடைக்காவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்எம்பி-யும் போய்விடும், அதை மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள்.

கூலருக்கும் இந்த உழைப்புக்கும் செலவு செய்யும் முன் இன்னொரு வழியையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பி450 போர்டு, பயாஸைப் புதுப்பித்தால், ரைசன் 7 5700எக்ஸ்-ஐ ஏற்கும் வாய்ப்பு மிக அதிகம். போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து உறுதி செய்யுங்கள். 8 கோர், 16 த்ரெட், அதுவும் 65 வாட் வகுப்புதான், ஆனால் பெட்டியில் கூலர் வராது. ரெண்டரிங்குக்கு அது கொடுக்கும் வேகத்தை 3600-ஐ எவ்வளவு முறுக்கினாலும் பெற முடியாது. பயாஸ் புதுப்பிப்பை மட்டும் பழைய பிராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், பழைய பயாஸுக்குப் புதுச் சிப் யாரென்றே தெரியாது.

எந்த வழியானாலும் தைப்பூசத்துக்கு முந்திய வாரத்தில் தொடங்காதீர்கள். இடையில் எங்காவது சிக்கினால் போர்டின் முழுப் பெயர், பயாஸ் பதிப்பு எண், ராம் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர், மெம்டெஸ்ட் காட்டிய பிழை எந்தச் சோதனை எண்ணில் வந்தது என்ற நாலையும் எழுதி அனுப்புங்கள். அவை இருந்தால் பாதி நோயை இங்கிருந்தே சொல்லிவிடலாம்.